சுட்ட கோடு வேணுமா, சுடாத கோடு வேணுமா?

நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பதிவு எழுதுகிறோம். ரெண்டு வாரம் கழித்து ஒன்றுவிட்ட சித்தப்பா அதையே வாட்ஸப்பில் நமக்கே அனுப்பி வைக்கிறார். மேலே 'படித்ததில் பிடித்தது' என்று இருக்கும். கீழே 'அனைவருக்கும் பகிரவும்' என்று இருக்கும். நடுவில் எழுதினவன் பேர் மட்டும் இருக்காது. வயிறு எரியுமா எரியாதா?

இதில் உச்சகட்டக் கொடுமை என்னவென்றால், நாம் விட்ட தப்பும் அதில் அப்படியே இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் பின்னூட்டத்தில் சுட்டிக்காட்டி, நாமும் அசடு வழிந்து, பதிவில் அதைத் திருத்தி மாமாங்கம் ஆகியிருக்கும். ஆனால் சித்தப்பா கையில் இருப்பது பழைய பிரதி. அது அவருடைய மச்சான், மச்சானின் யோகா குரூப் என்று இன்னும் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். நாம் திருத்தியது அந்த ஊர்வலத்துக்கு எப்படித் தெரியும்? எங்கிருந்து வந்தது என்றுதான் அதில் இல்லையே.

இதைப் பற்றி மணிக்கணக்கில் புலம்பக்கூடிய அடியேன், பகலில் பொட்டி தட்டுகிற வேலையில் செய்வதும் இதே காரியம்தான் என்று புரிவதற்கு ஒரு டிசம்பர் மாசம் தேவைப்பட்டது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வரவும்.

கதை 2022இல் ஆரம்பிக்கிறது. எங்கள் கல்லூரி சீனியர், ஜூனியர் எல்லாம் இருக்கிற ஒரு குரூப். ஒரு நாள் யாரோ ஒரு பையன் கேட்டான். "அண்ணா, ஜாவால தேதியை வருஷம்-மாசம்-நாள்னு பிரிண்ட் பண்றது எப்படி?" எனக்கு அன்றைக்கு ஆணி கம்மி. அப்போது என் ப்ராஜெக்டிலேயே அந்த வேலைக்கு நாலு வரி இருந்தது. இணையத்தில் எங்கேயோ சுட்டது. எங்கே என்று கேட்காதீர்கள், இன்றுவரை எனக்கே தெரியாது. அந்த நாலு வரியை அப்படியே வெட்டி ஒட்டினேன். பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அன்றைக்கு முழுக்க நடக்கும்போதே தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வருஷம், 2023இல், எங்கள் டீம் லீட் என் கோடைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த வரியில் நின்றார். "இது என்னப்பா பெரிய ஒய்? வருஷக் கடைசியில வெடிக்குமே" என்றார். அப்போதுதான் விஷயமே எனக்குத் தெரியும்.

பொட்டி தட்டாத நண்பர்களுக்காகச் சுருக்கமாக. ஜாவாவில் தேதியை எப்படிக் காட்ட வேண்டும் என்று எழுத்துகளால் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஆங்கில 'ஒய்' நாலு தடவை. சின்ன எழுத்தில் போட்டால் நாம் நினைக்கிற காலண்டர் வருஷம். பெரிய எழுத்தில் போட்டால் அது வாரக்கணக்கு வருஷம். அதாவது ஜனவரி 1 எந்த வாரத்தில் விழுகிறதோ, அந்த வாரம் முழுக்கவே புது வருஷத்தின் கணக்கில் போய்விடும். அமெரிக்க வழக்கத்தில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். வருஷத்தில் முந்நூற்று அறுபது நாளும் ரெண்டும் ஒரே விடைதான் தரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வராது.

சரி, நான் என்ன செய்தேன்? நாலு எழுத்தைச் சின்னதாக்கினேன். பத்து செகண்ட் வேலை. டீ குடிக்கப் போய்விட்டேன். குரூப்பில் ஒட்டியது ஞாபகம் வந்ததா? வந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. 'ஒரு வருஷம் ஆச்சே, இப்ப போய் அது தப்புன்னு சொன்னா மானம் போயிடும், எவன் அதை யூஸ் பண்ணப் போறான்' என்று விட்டுவிட்டேன்.

தம்பி ஒருவன் யூஸ் பண்ணியிருந்தான்.

அவன் எனக்கு மூணு வருஷம் ஜூனியர். உதிரிபாகக் குடோன்களுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்து ஆறாவது மாசம், ப்ரொபேஷனில் இருக்கிறான். 2022 கடைசியில் இந்த வெடி வெடிக்கவே வெடிக்காது, ஏனென்றால் 2023 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. 2023 கடைசியில் டிசம்பர் 31 ஒரு நாள் மட்டும் தப்பாகும், அதுவும் ஞாயிறு, குடோன் லீவு. ஆனால் 2025 ஜனவரி 1 புதன்கிழமை. ஆக 2024 டிசம்பர் 29, 30, 31 மூணு நாளும் காலி. திங்கட்கிழமை காலையில் அடித்த பில்லில் எல்லாம் 2025 டிசம்பர் 30 என்று விழுந்திருக்கிறது. ஒரு வருஷம் கழித்து வரப்போகிற தேதியில் ஜிஎஸ்டி பில்! வாங்குகிறவர்கள் கணக்கில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். சரக்கு ஏற்றின வண்டி குடோனிலேயே நிற்கிறது. பையன் திங்கள் முழுக்க சர்வர் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

31ஆம் தேதி மத்தியானம் எனக்கு போன். "அண்ணா, எந்தப் பக்கம் பாத்தாலும் சரியா இருக்குண்ணா, ஒரு தடவை நீங்க பாருங்களேன்" என்று கோடை அனுப்பினான். பார்த்ததும் குப்பென்று வியர்த்தது. அதில் ஒரு மாறிக்கு 'நாள்' என்று பேர் இருந்தது. ஜாவா கோடில் இந்த மாதிரி தமிழ்ப் பேர் வைக்கிற கெட்ட பழக்கம் எனக்குத் தெரிந்து எனக்கு மட்டும்தான் உண்டு.

"இதை எங்கடா எடுத்த?"

"ஞாபகம் இல்லண்ணா. காலேஜ் படிக்கும்போது ஏதோ குரூப்ல வந்துச்சு."

நானே போட்டேன் என்று சொன்னேன். போன வருஷமே தப்பு என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் "பரவால்லண்ணா, நான் செக் பண்ணியிருக்கணும்" என்றான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வேலை போகவில்லை. ஆனால் ப்ரொபேஷனை மூணு மாசம் நீட்டித்தார்கள். என் பத்து செகண்டுக்கு அவன் மூணு மாசம்.

அன்றைக்கு அவன் பிடிபடாமல் ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால், ஜனவரி 1 காலையில் எல்லாம் தானாகவே சரியாகியிருக்கும். ஏன் வந்தது, ஏன் போனது என்று தெரியாமலே இருந்திருப்பார்கள். அடுத்து 2025 டிசம்பர் 28இல் மறுபடி வந்து நாலு நாள் தங்கியிருக்கும். நல்ல விருந்தாளி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோடைப் பகிர்வதில் நாகரிகம் என்றால் 'ப்ளீஸ் போடு, நன்றி சொல்லு' என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் முதல் நாகரிகம் வேறு என்பது என் கட்சி. கோடு போகிற பாதையில் திரும்பி வர வழி இருக்க வேண்டும். எங்கிருந்து எடுத்தது என்று எழுதுவது, எழுதினவருக்குச் செய்கிற மரியாதை மட்டும் இல்லை. நாளைக்கு அங்கே ஒரு தப்பு திருத்தப்பட்டால் அது நம் வீடு வந்து சேருவதற்கான விலாசம் அது. விலாசத்தைக் கிழித்துவிட்டுத்தான் நாம் எல்லோரும் கோடைச் சுற்றுக்கு விடுகிறோம்.

என் நாலு வரி ரொம்பச் சின்ன உதாரணம் என்பீர்கள். பெரிசு ஒன்று சொல்கிறேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2010இல் ஒரு ஜாவா நிரலாளர் ஒரு கேள்விக்குப் பதில் போட்டார். பைட் எண்ணிக்கையைக் கொடுத்தால் கிலோபைட், மெகாபைட் என்று மனுஷர் படிக்கிற மாதிரி மாற்றித் தரும் சில வரிகள். அழகான கோடு. கட்டைவிரல் குவிந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் தளத்திலிருந்து கிட்ஹப் ப்ராஜெக்டுகளுக்குள் போன ஜாவா துண்டுகளைத் தேடிப் பார்த்தது. அதிகம் பேர் சுட்டதில் முதலிடம் இந்தப் பதிலுக்கு. ஆயிரக்கணக்கான இடங்களில் இருந்தது. எடுத்தவர்களில் பெரும்பாலோர் எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதவில்லை.

அதற்கப்புறம்தான் கிளைமாக்ஸ். எழுதினவரே 2019இல் தன் கோடைத் திரும்பப் பார்த்து, அதில் தப்பு இருக்கிறது என்று பகிரங்கமாக எழுதினார். 999,999 பைட் கொடுத்தால் 1.0 மெகாபைட் என்று வர வேண்டியது, 1000.0 கிலோபைட் என்று வரும். ஒன்பது வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. அவர் தன் பதிலைத் திருத்திவிட்டார். மானம் போகும் என்று என்னைப் போலப் பதுங்கவில்லை. ஆனால் பிரதி எடுத்த ஆயிரக்கணக்கானவர்களில் விலாசம் எழுதி வைத்திருந்தவர்கள்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். மற்ற இடங்களில் இன்னும் ஆயிரம் கிலோபைட் ஓடிக்கொண்டிருக்கலாம்.

எடுக்கிறவர் கதை இது. கேட்கிறவரும் விலாசத்தை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் கதை இருக்கிறது. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியைப் பராமரித்த ஒருவர், 2006 மே மாதம் ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களின் மடற்குழுவில் ஒரு கேள்வி கேட்டார். பிழை தேடும் கருவி ஒன்று ரெண்டு வரிகளைப் பார்த்து எச்சரிக்கை கொடுக்கிறது, அவற்றை எடுத்துவிடலாமா என்று. பிழை தேடுவதற்கு உதவும் என்றால் எடுத்துவிடலாம் என்கிற தோரணையில் பதில் வந்தது. கேட்டவர் மனசில் இருந்தது டெபியன் பயன்படுத்துகிற எல்லோருக்கும் போகப்போகிற மாற்றம். பதில் சொன்னவர் மனசில் இருந்தது யாரோ தன் கணினியில் செய்கிற சோதனை. ரெண்டு வரியும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி. ஒன்றை எடுத்தால் பாதகமில்லை. இன்னொன்றுதான் உயிர்நாடி. ரகசியச் சாவி செய்யத் தேவையான தற்செயல் எண்களுக்குச் சரக்கு அதன் வழியாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ரெண்டையும் எடுத்தார்கள். எடுத்த மாற்றத்தை ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லவும் இல்லை, டெபியனோடு நின்றுவிட்டது. 2006 செப்டம்பர் முதல் 2008 மே வரை டெபியனிலும், அதிலிருந்து வந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள் பல்லிளித்துவிட்டன. கணிக்க முடியாததாக இருக்க வேண்டிய சாவி, ஒவ்வொரு வகைக்கும் வெறும் 32,768 சாத்தியங்களில் ஒன்றாகிப்போனது. ஒரு சாதாரணக் கணினியே உட்கார்ந்து எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடும். 2008 மே 13 அன்று அறிவிப்பு வந்தபோது உலகம் முழுக்க சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் பழைய சாவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு செய்ய வேண்டியிருந்தது.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. கேட்டார், பதில் வந்தது, செய்தார். 'இது டெபியனுக்காக, எல்லோருக்கும் போகும், இதோ முழு மாற்றம்' என்று கேள்வியிலேயே இருந்திருந்தால் பதில் சொன்னவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்பது என் எண்ணம்.

விலாசம் ஒட்டுவதை லினக்ஸ் கெர்னல்காரர்கள் கட்டாய வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். கெர்னலில் சுட்ட கோடு இருக்கிறது என்று 2003இல் ஒரு கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அதன் பின்னணியில் 2004இல் வந்த வழக்கம் இது. ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் எழுதினவர், கைமாற்றி விட்டவர் என்று வரிசையாகக் கையெழுத்து இருக்கும். பிழை திருத்துகிற மாற்றம் என்றால், எந்தப் பழைய மாற்றத்தில் அந்தப் பிழை உள்ளே வந்தது என்பதையும் குறிக்கிறார்கள். எவ்வளவு கைமாறினாலும் திரும்பிப் போக வழி இருக்கிறது.

இப்போது 'நாலு வரிக்கு இவ்வளவு பில்டப்பா?' கோஷ்டிக்கு வருகிறேன். நானும் போன வருஷம் வரை அந்தக் கோஷ்டியின் பொருளாளர்தான். :-)

நாம் விலாசத்தைக் கிழிப்பது சோம்பேறித்தனத்தால் மட்டும் இல்லை. வெட்கத்தால். 'இணையத்திலிருந்து எடுத்தது' என்று கோடில் ஒரு வரி இருந்தால் மேனேஜர் என்ன நினைப்பார், 'இவனுக்குச் சொந்தமா எழுதத் தெரியாதா' என்று நினைக்க மாட்டாரா என்கிற பயம். அதனால் மாறியின் பேரை மாற்றி, இடைவெளியை மாற்றி, நாமே பெற்ற பிள்ளை மாதிரி தலை சீவிப் பொட்டு வைத்து அனுப்புகிறோம். எல்லோரும் எடுக்கிறார்கள், எல்லோருக்கும் எல்லோரும் எடுப்பது தெரியும், ஆனாலும் ஒருத்தரும் சொல்வதில்லை. எடுப்பதில் ஒரு வெட்கமும் இல்லை, கோடு இருப்பதே எடுத்துப் பயன்படுத்தத்தான். எடுத்த இடத்தை மறைப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் போடுகிற பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன, எழுதினவர் பேரைச் சொல்வது அதில் ஒரு நிபந்தனை. உரிமம் எதுவும் குறிப்பிடாத கோடு என்றால் இலவசம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நேர் எதிர். எதுவும் சொல்லாவிட்டால் உரிமை முழுக்க எழுதினவருக்கே. இந்தியாவின் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் எந்த வகையில் வருகிறது தெரியுமோ? இலக்கியப் படைப்பு! நம் கதை, கவிதை எல்லாம் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதோ அதே பெஞ்சில்தான் அந்த நாலு வரியும். சித்தப்பாவைத் திட்டுவதற்கு முன் நாமும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம், 'இப்பல்லாம் எவன் சார் சுடறான், ஏஐ கிட்ட கேட்டா அதுவே எழுதித் தருது' என்பார்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. ஒரே வாரத்துக்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அதன் பதில்களை ஒட்டுவதற்குத் தடை போட்டார்கள். பார்ப்பதற்குச் சரி மாதிரி இருக்கிறது, ஆனால் நிறையத் தப்பு என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நான் தினமும் ஏஐ பயன்படுத்துகிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அதைப் பிறருக்குக் கொடுக்கும்போது பொறுப்பு கூடுகிறது. மனுஷன் எழுதின கோடுக்கு எங்கேயோ ஒரு மூலம் இருக்கும், என்றைக்காவது அங்கே திருத்தம் வரும். ஏஐ கொடுத்ததற்குத் திரும்பிப் போக மூலமே கிடையாது. 'அன்னைக்கு உனக்குக் கொடுத்தது தப்புப்பா' என்று அது நம் வாசல் தேடி வராது. ஆகவே கொடுக்கிற நாம்தான் அதன் விலாசம். ஏஐ எழுதியது என்றும், ஓட்டிப் பார்த்தேனா இல்லையா என்றும் ஒரு வரி சொல்லிவிட்டால், வாங்குகிறவர் எவ்வளவு நம்ப வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

சரி, நான் இப்போது கடைப்பிடிக்கிற வழக்கங்கள். பெரிய வேதம் எல்லாம் இல்லை.

1. எடுத்தால், எடுத்த இடத்தின் சுட்டியையும் தேதியையும் கோடுக்கு மேலேயே ஒரு வரிக் குறிப்பாக எழுதுவது. மேனேஜர் பார்த்தால் பார்க்கட்டும்.

2. கொடுத்தால், நான் எழுதியதா எடுத்ததா, எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தேன், எதைச் சோதிக்கவில்லை என்று சொல்லிக் கொடுப்பது. ஓட்டிப் பார்க்காவிட்டால் 'ஓட்டிப் பார்க்கவில்லை' என்று எழுதுவதில் கௌரவம் ஒன்றும் குறையாது. என் சொந்தக் கோடு என்றால் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் ஒரு வார்த்தை.

3. கேட்டால், எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்வது. பிழை வருகிற பகுதியை மட்டும் பிரித்து, அது தனியாக ஓடுகிற அளவுக்கு முழுசாகக் கொடுப்பது. மொபைலில் திரையைப் படம் பிடித்துப் போடாமல் எழுத்தாகவே போடுவது, படத்தை யார் ஓட்டிப் பார்ப்பது? கடவுச்சொல், சாவி எதுவும் உள்ளே இல்லை என்று ரெண்டு தடவை பார்ப்பது. ஒருமுறை வெளியே போய்விட்டால் அழித்துப் பிரயோஜனமில்லை, அந்தக் கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் வழி.

4. தப்பு என்று தெரிந்தால், கொடுத்த இடத்துக்கே திரும்பிப் போய்ச் சொல்வது. எத்தனை வருஷம் ஆனாலும். மற்ற மூணும் சுளுவாகப் பழகிவிட்டது. இது மட்டும் ஒவ்வொரு தடவையும் கசக்கிறது.

நாலாவதை 2025 ஜனவரி 1 அன்றே செய்தேன். எல்லோரும் புத்தாண்டு வாழ்த்து போட்டுக்கொண்டிருந்த அதே குரூப்பில், '2022இல் நான் போட்ட தேதிக் கோடு தப்பு, 2023லேயே எனக்குத் தெரியும், சொல்லாதது என் தப்பு' என்று எழுதி, சரியான வரியையும் போட்டேன். சாயங்காலத்துக்குள் இன்னும் ரெண்டு பேர் தனி மடலில் வந்தார்கள். "அண்ணா, நானும் அதையேதான் வச்சிருக்கேன்." அன்றைக்குக் கட்டைவிரல் தூக்கிய பதினோரு பேரில் நாலு பேர் குரூப்பிலேயே இல்லை. நம்பர் மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும். அவர்கள் கையிலிருந்து அது யார் யார் கைக்குப் போனதோ தெரியாது. இப்போதெல்லாம் டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. போன மாசம் ஒரு கோடை அனுப்பி அபிப்பிராயம் கேட்டான். மேலே முதல் வரியில் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று சுத்தமாக எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'அண்ணனிடம் கேட்டது, மறுபடி சரிபார்க்கவும்.' :-)

பி.கு: உங்கள் கோடிலோ, உங்கள் நண்பர்கள் கோடிலோ, தேதி மாற்றுகிற இடத்தில் 'நாள்' என்று ஒரு மாறியும், பக்கத்தில் நாலு பெரிய ஒய்யும் இருந்தால், அது அடியேன் கைங்கரியம். டிசம்பருக்கு முன்னால் சின்னதாக்கிவிடவும். மாறியின் பேரை மட்டும் மாற்ற வேண்டாம். அது ஒன்றுதான் அதில் இருக்கிற விலாசம்.